சாவு வூட்டுல கணக்கு பேசுவோம்

ஆரணியில ஒரு சாவு விழுந்தா முதல் தகவல் பந்தல்காரருக்குப் போகும். இரண்டாவது தகவல் ஃப்ளெக்ஸ் கடைக்கு. ஒரு மணி நேரத்தில் பேனர் தயார். நடுவில் ஆதார் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. ஒரு பக்கம் 'தோற்றம்', மறுபக்கம் 'மறைவு'. கீழே இரண்டு வரி. அந்த இரண்டு வரி கடைக்காரரின் கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருக்கிறது. ஆம்பளை செத்தால் இமயம் சரிந்துவிடும். பொம்பளை செத்தால் குலவிளக்கு அணைந்துவிடும். பெயரை மட்டும் மாற்றினால் போதும். நெசவுத் தெருவில் செத்தாலும் அதே வரிதான், அரிசி மில் முதலாளி செத்தாலும் அதே வரிதான், நம்ம காலனியில் செத்தாலும் அதே வரிதான். சாவில் மட்டும் சமத்துவம் வந்துவிட்டதாக யாரும் சந்தோஷப்பட வேண்டாம். ஃப்ளெக்ஸ் கிழிந்த பிறகு அவரவர் சுடுகாடு அவரவருக்கு.

அந்தப் பேனரில் இருக்கும் 'தோற்றம்' தேதியைக் கவனித்திருக்கிறீர்களா? நம்ம தெருக் கிழவிகளில் பாதிப் பேர் ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர்கள். ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு வருஷத்தைக் குத்துமதிப்பாகக் கேட்டு, தேதிக்கு ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். ஆகப் பிறப்பும் நமக்கு ஃபாரத்தில் எழுதியது, இறப்பும் நமக்கு ஃப்ளெக்ஸ் கடையில் எழுதியது. நடுவில் எழுபது எண்பது வருஷம் ஒரு ஜீவன் உழைத்ததே, அதை யார் எழுதுவது?

இரங்கல் உரை பற்றித்தான் சொல்ல வருகிறேன். நம்மைச் சேர்ந்த ஒருவர் செத்தால், அவரைப் பற்றி நாலு பேர் முன்னால் எழுந்து நின்று என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்பதைப் பற்றி. 'இதெல்லாம் ஒரு அரசியலா, தோழர்?' என்று கேட்கலாம். அரசியல்தான். நம்ம ஜனங்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கை வரலாறு எழுதப்படப் போவதில்லை. பாடை தூக்குவதற்கு முன்னால் பேசப்படும் அந்த ஐந்து நிமிஷம்தான் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வரலாறு. அதையும் பொய்யில் விட்டால் வேறெதில் பிடிப்பது?

நான் வங்கியில் குமாஸ்தா. சாவு எங்கள் கவுண்டருக்கும் வரும், காகிதமாக வரும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நாமினி யார், மீதி எவ்வளவு. 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். அப்படிப் பதிந்து வாங்கி வரும் சான்றிதழில் பெயர் இருக்கும். ஆணா பெண்ணா என்பது இருக்கும். இறந்த தேதி, இடம், தாய் தகப்பன் பெயர், விலாசம் எல்லாம் இருக்கும். இந்த அம்மா நடவு நட்டவள், நெல் அவித்தவள், தார் சுற்றியவள் என்று இருக்காது. கணக்குத் தொடங்கும் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. ஐம்பது வருஷம் அண்டை வெட்டிக் களை பறித்த பொம்பளைக்கு அதில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருக்கும். எந்த இல்லம், எந்த அரசு? காகிதத்துக்குத் தெரிந்த கணக்கு பாக்கித் தொகை மட்டும். அவளுக்கு மற்றவர்கள் வைத்த பாக்கி எந்த லெட்ஜரிலும் ஏறாது.

•

செத்தவரைப் பற்றிப் பேசுவது தமிழுக்குப் புதுசு இல்லை. புறத்துறையில் கையறுநிலை என்றே ஒரு துறை வைத்திருக்கிறார்கள். பாரி செத்தபோது கபிலர் பாடினார். அதியமான் செத்தபோது ஔவையார் பாடினார். நல்ல பாட்டுகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் செத்தால் பாடினார்கள்? கொடுத்தவன் செத்தால் பாடினார்கள். சோறு போட்டவன், கள் ஊற்றியவன், யானையும் தேரும் தந்தவன் செத்தால், 'இனி எங்களுக்கு யார் தருவார்' என்று பாடினார்கள். கொடுத்தவனுக்குக் கையறுநிலை உண்டு. பறிகொடுத்தவளுக்கு எந்தத் துறை? இலக்கணத்தில் இல்லை.

நம்ம திருவண்ணாமலை மாவட்டத்திலேயே செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. தொல்லியல் துறை அவற்றை 1972ல் புத்தகமாகவே போட்டது. எடத்தனூர்க் கல் அதில் பெயர்போனது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்ற ஒருவன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான் என்று கல் சொல்கிறது. அவனோடு இருந்த நாய்க்கும் அந்தக் கல்லில் உருவம் இருக்கிறது, பெயரும் இருக்கிறது: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற நாய் அது.

அந்தக் கல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு விஷயம் தோன்றும். ஒன்று, எழுத்தின் அழகு. ஒரு அடைமொழி கிடையாது. இமயம் சரியவில்லை, விளக்கு அணையவில்லை. யார், யாருடைய ஆள், எதற்காக, எப்படிச் செத்தான், கூட யார் இருந்தது. அவ்வளவுதான். ஆயிரத்து நானூறு வருஷம் கழித்தும் அந்த மனுஷனும் அந்த நாயும் நம் கண் முன்னால் நிற்கிறார்கள். இரங்கல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் இந்தக் கல்லிடம் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது விஷயம் கோபம். எருமைக்காகச் செத்தவனுக்குக் கல் உண்டு. அவன் நாய்க்கும் பெயர் உண்டு. அந்த எருமைக்குச் சாணி வாரியவளுக்கு? அந்த எருமை செத்தபோது தூக்கிப் போட்டவனுக்கு? பெயர் இல்லை. நாய்க்குக் கிடைத்த மரியாதையாவது நம்ம செத்தவங்களுக்கு வேண்டும் என்று கேட்பது ரொம்பப் பெரிய கோரிக்கை இல்லை.

கல்லுக்குப் பிறகு மேடை வந்தது. திராவிட இயக்கம் இரங்கல் பேச்சைப் பெரிய கலையாகவே வளர்த்தது. 1969ல் அண்ணா மறைந்தபோது கருணாநிதி எழுதி வாசித்த இரங்கற்பாவை ஊர் ஊராக மக்கள் கேட்டு அழுதார்கள். அந்த மேடைத் தமிழ்தான் பிறகு கட்சிக்காரர்களின் படத்திறப்புக்கு வந்து, அங்கிருந்து நம்ம தெரு மைக்குக்கு வந்து, இப்போது ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெருந்தலைவருக்காகப் பிறந்த சொல்லைத் தெருவில் செத்த ஆயாவுக்குப் போட்டால் அது அவளுக்கு மரியாதை இல்லை. வேறு ஆளின் சட்டையைப் பொணத்துக்கு மாட்டிய கதை.

•

நம்மிடம் சொந்தச் சரக்கு இல்லாமலா போச்சு? இருக்கிறது. அதுதான் ஒப்பாரி.

ஒப்பாரியை நாட்டுப்புற இலக்கியம் என்று சொல்லிப் பல்கலைக்கழகத்தில் அடைத்துவிட்டார்கள். 'துயரத்தின் வெளிப்பாடு' என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி. கிட்ட உட்கார்ந்து கேட்டவர்களுக்குத்தான் தெரியும், அது வெறும் அழுகை இல்லை என்று. அது வழக்காடல். தம்பி சீர் செய்யவில்லை என்று அக்கா பொணத்தின் மேல் விழுந்து சொல்லுவாள். மாமியார் வீட்டில் பட்ட அடியை, மாமியார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, ராகம் போட்டுச் சொல்லுவாள். பங்காளி பிடுங்கிய நிலத்தைச் சொல்லுவாள். வேறு நாளில் சொன்னால் அடி விழும். சாவு வீட்டில் சொன்னால் யாரும் தடுக்க முடியாது. நம்ம பொம்பளைங்களுக்கு ஊர் நடுவில் கிடைத்த ஒரே நீதிமன்றம் அது.

இசபெல் கிளார்க்-டெசெஸ் என்ற மானுடவியலாளர் நமக்குப் பக்கத்தில், பழைய தென்னாற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் தங்கி, ஒப்பாரி பாடும் பெண்களோடும், சாவுப் பறை அடிக்கும் ஆண்களோடும் பழகி, 2005ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். 'செத்தவருக்காக யாரும் அழுவதில்லை' என்பது அதன் தலைப்பின் பொருள். பெண்கள் செத்தவரை வைத்துத் தங்கள் வாழ்க்கையின் குறையைத்தான் அழுகிறார்கள் என்பது அவர் கேட்டு அறிந்தது. நம்ம ஆயாக்களுக்கு இது எப்பவோ தெரியும். ஆனாலும் ஒரு விஷயம் பிடிபடுகிறது. உண்மை பேசும் பழக்கம் சாவு வீட்டில் ஏற்கனவே இருக்கிறது. மைக்கைப் பிடித்த ஆம்பளைதான் அதைக் கெடுத்தான்.

கருமாதிக்கு வாங்க. செய்யாறு, ஆரணி, செஞ்சிப் பக்கமெல்லாம் கருமாதி இரவில் 'கர்ண மோட்சம்' கூத்து வைப்பது வழக்கம். விடிய விடிய கர்ணன் சாவான். தேரோட்டி மகன் என்று சபையில் அவமானப்பட்டவன், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தவன், கடைசியில் புண்ணியத்தையும் தாரை வார்த்துவிட்டுச் சாவான். தன் வீட்டுப் பொணத்தை நினைத்துக்கொண்டு சனம் அழும். பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டவனுக்காக நம்ம சனம் அழுவதில் அர்த்தம் இருக்கிறது. கூத்து இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான். கர்ணனுக்கு ஒரு ராத்திரி கொடுக்கிறோமே, செத்துப் போன நம்ம சித்தப்பனுக்கு ஒரு பத்து நிமிஷம் கொடுத்தால் என்ன?

பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர்க்காரன் வீட்டுச் சாவுக்கெல்லாம் நாம் பறையடித்தோம். நம்ம கை வீங்கியது, அவன் சாவுக்கு மரியாதை வந்தது. காட்டுமன்னார்கோவில் பக்கம் எல். இளையபெருமாள் போன்றவர்கள் 'இனி அடிக்க மாட்டோம்' என்று போராடியது சும்மா இல்லை. பிற்பாடு தொண்ணூறுகளில் தலித் கலைவிழா மேடைகளில் அதே பறையை நம்ம பிள்ளைகள் விடுதலைப் பறையாக்கினார்கள். மறுத்ததும் சரி, மீட்டதும் சரி. தோலை மீட்டோம். வாயை மீட்டோமா? அடுத்தவன் சாவுக்கு நம் கையைக் கொடுத்தது நின்றது. நம்ம சாவுக்கு அடுத்தவன் சொல்லைக் கடன் வாங்குவது இன்னும் நிற்கவில்லை.

•

எங்கள் வீட்டுச் சாவில் நடந்ததைச் சொல்கிறேன். செத்தது அம்மாவைப் பெற்ற ஆயா. என்னை வளர்த்தது அதுதான். பேங்க்குல வேலை செய்றான், கவிதை எழுதுறான், நீ நாலு வார்த்தை பேசு என்று மாமா சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த வார்த்தைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, பொணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பொம்பளைங்களிடம் போனேன். ஆளுக்கு ஒரு விஷயம் கேட்டேன்: 'ஆயாவப் பத்தி உனக்குத் தெரிஞ்சது ஒண்ணு சொல்லு, நல்லதோ கெட்டதோ.'

ஒருத்தி சொன்னாள், "நடவுக்குப் போனா அதுதான் மொத ஆளா எறங்கும், மொத ஆளா கூலி கேக்கும்." இன்னொருத்தி சொன்னாள், "மில்லுக் களத்துல நெல்லு காய வெச்சி காய வெச்சி அது பாதம் பாதமாவா இருந்துச்சி? செருப்பே தேவப்படல." ஒரு சித்தி சொன்னாள், "வாய் பொல்லாது. அந்த வாய்க்குப் பயந்துதான் நான் ரெண்டு வருஷம் பேசாம இருந்தன்." ஒரு பாட்டி விரலை மடக்கிக் கணக்குச் சொன்னது: மில்லில் முதல் கூலி ஒரு நாளைக்கு ஒண்ணேகால் ரூபாய், கடைசிக் கூலி எழுபது ரூபாய். நடுவில் முப்பத்து மூணு வருஷம். அவிச்ச நெல்லு காலில் கொட்டி வெந்து போனபோது மருந்துச் செலவுக்குக் கொடுத்ததை அடுத்த மாசக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். வயசான பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு பட்டுத் தறிக்காரருக்குத் தார் சுற்றிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான முழம் பட்டு அதன் விரலைத் தாண்டிப் போயிருக்கும். ஒரு பட்டுப் புடவை அதன் உடம்பில் ஏறியதில்லை.

இதையெல்லாம் எழுதி வாசித்தேன். முதல் வரியில் அதன் பெயரைச் சொன்னேன். தெருவில் இருந்த சின்னஞ்சிறுசுகளுக்கு அன்றைக்குத்தான் அந்தப் பெயர் தெரிந்தது. அதுவரைக்கும் அது 'மில்லு ஆயா'. கூலிக் கணக்கை வாசித்தபோது, மில்லிலிருந்து மாலையோடு வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெரியவர் ஒருத்தர் எழுந்து, "ஏம்பா, சாவு வூட்ல எதுக்குப்பா கணக்கு?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மூலையிலிருந்து ஒரு பொம்பளைக் குரல் சொன்னது: "பின்ன எங்க போயி பேசறது?"

அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரை.

•

'செத்தவங்களப் பத்திக் கெட்டது பேசக் கூடாது' என்பார்கள். 'சாவு வீட்டில் சண்டை வேண்டாம்' என்பார்கள். நல்ல மனசோடு சொல்கிறவர்களும் உண்டு. மாலை போட வந்தவனை அவமானப்படுத்தலாமா என்று கேட்பார்கள். யாரையும் பெயர் சொல்லி வைய வேண்டியதில்லை. கூலி எவ்வளவு என்று சொல்வது வசை இல்லை. அது கேட்டவனுக்கு வசையாகப் பட்டால் கூலியில்தான் கோளாறு, உரையில் இல்லை. மௌனம் செத்தவருக்கு மரியாதை என்கிறார்கள். அந்த மௌனத்தால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், அது செத்தவருக்கு இல்லை.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். சுடுகாட்டுக்குப் போகும் வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்தில் அடைபட்டுக் கிடந்ததால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்த வீடியோவை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட சாவில் எழுந்து நின்று, 'அன்னார் பண்பாளர், அனைவரிடமும் அன்பாகப் பழகினார்' என்று மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தால் அது இரங்கலா? அந்தக் கயிற்றையும் சேர்த்துச் சொல்வதுதான் இரங்கல். ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பதோடு, எந்த வழியாகக் குழிக்குப் போனார் என்பதும் அவர் வரலாறு.

இன்னொரு தயக்கம் நமக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் கஷ்டமானது. குடித்துக் குடித்துச் செத்த அப்பனுக்கு என்ன எழுதுவது? அடித்த புருஷனுக்குப் பெண்டாட்டி என்ன பேசுவது? 'நம்ம குறையை நாமே மைக்கில் சொன்னால் ஊர்க்காரன் சிரிப்பான்' என்கிறார்கள். சிரிக்கிறவன் நாம் சொல்லாவிட்டாலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவனுக்காக நம்ம பொம்பளைங்க பட்ட அடியை மறைக்க முடியாது. அப்பன் குடித்தான் என்று சொல். மூட்டை தூக்கினான் என்பதையும் சொல். ராத்திரி உடம்பு வலிக்குக் குடிக்க ஆரம்பித்தான் என்றால் அதையும் சொல். 2003லிருந்து அரசாங்கமே கடை திறந்து ஊற்றிக் கொடுத்தது என்பதையும் சொல். அவன் அடித்ததை அம்மா சொல்லட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு. சொல்ல வேண்டாம் என்று அவள் நினைத்தால் அதுவும் அவள் உரிமை. முழு மனுஷனாகச் சொல்லு. அவனைத் தெய்வமாக்கினாலும் அவன் காணாமல் போவான், அசிங்கமாக்கினாலும் காணாமல் போவான்.

உண்மை சொன்னால் அன்பு குறைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரைக் காட்டுகிறேன். ரமாபாய் 1935 மே 27ல் இறந்தார். பெற்ற பிள்ளைகளில் நாலு பேரை ஏற்கனவே இருவரும் புதைத்திருந்தார்கள். 1926ல் கடைசிப் பிள்ளை ராஜரத்னா செத்தபோது நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அம்பேத்கர் தன் துக்கத்தை ஒளிக்கவே இல்லை. தேறிவிட்டதாகப் பாவனை செய்யவும் இல்லை. ரமாபாய் இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1940ல், பாகிஸ்தான் பற்றிய தன் நூலை அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். ஒரே ஒரு வாக்கியம். மனைவியை அழைத்த செல்லப் பெயர் 'ராமு'வையே அச்சில் போட்டார். அவர் குணத்தைப் பாராட்டினார், அதோடு நிறுத்தவில்லை. நண்பர்கள் என்று யாருமில்லாமல், இல்லாமையிலும் கவலையிலும் கிடந்த நாட்களில் தன்னோடு சேர்ந்து தாங்கினாரே, அதற்காக என்று எழுதினார். உலகம் முழுக்கப் படிக்கப்போகிற அரசியல் நூலின் முதல் பக்கத்தில், எங்களிடம் காசு இல்லாமல் இருந்தது, எங்களுக்கு ஆள் இல்லாமல் இருந்தது என்று ஒரு பெரிய தலைவர் சொல்லிக்கொள்கிறார். வறுமையை மறைத்தால் அவர் மனைவியின் தைரியமும் மறைந்து போயிருக்கும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. இரங்கல் எழுதுகிற நம்ம ஒவ்வொருவரும் அந்த ஒரு வாக்கியத்தை மனசில் வைத்துக்கொள்ளலாம்.

அவருடைய சாவையும் நினைத்துப் பாருங்கள். 1956 டிசம்பர் 7, பம்பாய் தாதர் கடற்கரை. மராத்தி எழுத்தாளர் ஆச்சார்ய அத்ரே பேசினார். பிக்கு ஆனந்த கௌசல்யாயன் முன்னிலையில், அந்தச் சிதைக்குப் பக்கத்திலேயே பெருங்கூட்டம் பௌத்தம் ஏற்றது. அழ வந்தவர்கள் உறுதி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். இரங்கலின் முடிவு 'ஆத்மா சாந்தியடைக' என்பது இல்லை என்று அன்றைக்கே காட்டிவிட்டார்கள். செத்தவர் விட்ட வேலையை யார் எடுப்பது என்று கேட்பதுதான் முடிவு.

•

சரி, எழுதுவது எப்படி? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இது இலக்கணம் இல்லை, கைப்பழக்கம்.

முதலில் பெயர். இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய அம்மா என்பது பிறகு. பொம்பளைங்க முக்கால்வாசிப் பேர் பெயர் இல்லாமல்தான் சாகிறார்கள். அப்புறம் வேலை. 'உழைப்பாளி' என்று எழுதாதே. என்ன வேலை, எங்கே, எத்தனை வருஷம், என்ன கூலி, உடம்பில் எந்த இடத்தில் அந்த வேலை தழும்பு வைத்தது என்று எழுது. அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த பேச்சு ஒன்று, அவர் சொன்ன மாதிரியே. இலக்கணத் தமிழில் மாற்றாதே. ஆயா 'இன்னாடா' என்றுதான் கேட்டது, 'என்னப்பா' என்று கேட்கவில்லை. அப்புறம் அவர் சிரித்தது, ஆசைப்பட்டது, சினிமா பார்த்தது. நம்ம ஜனங்க கஷ்டப்படுவதற்கு மட்டும் பிறந்தவர்கள் இல்லை. கஷ்டத்தை மட்டும் எழுதினால் அதுவும் இன்னொரு ஃப்ளெக்ஸ் வரிதான். அப்புறம் ஒரு குறை. கடைசியாக, அவர் பாக்கி வைத்த வேலை ஒன்று.

ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். வெயிலில் சனம் நிற்கிறது. மனப்பாடமாகப் பேச வேண்டாம், எழுதி வாசி. குரல் உடைந்தால் காகிதம் பிடித்துக்கொள்ளும். நீ அழுதால் காகிதத்தைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் கொடு, மிச்சத்தை அவர் வாசிக்கட்டும். பறையடிக்கும் தோழர்களிடம் முன்னாடியே சொல்லிவை, நிறுத்துவார்கள். முடித்ததும் அவர்களே அடிக்க ஆரம்பிப்பார்கள். அதைவிடப் பெரிய கைத்தட்டல் எந்த மேடையிலும் கிடைக்காது. கட்சிக்காரர்கள், சங்கத்துக்காரர்கள், மாலை போட வந்த பெரிய மனுஷர்கள் எல்லோரும் பேசலாம், பிற்பாடு பேசலாம். முதல் பேச்சு வீட்டுப் பொம்பளையுடையது. ஒப்பாரியில் வழக்காடத் தெரிந்தவளுக்கு மைக்கில் பேசத் தெரியாது என்பது ஆம்பளை கட்டிய கதை.

வாசித்த காகிதத்தைக் குழியில் போட்டுவிடாதே. சட்டைப் பையில் வைத்துத் துவைத்தும் விடாதே. தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டு. இரட்டைமலை சீனிவாசன் 1939ல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று தன் வாழ்க்கையைத் தானே சின்னப் புத்தகமாக எழுதி அச்சிட்டார். வட்டமேசை மாநாட்டுக்குப் போய் வந்தவருக்கே அதைத் தன் கையால் எழுதி வைக்க வேண்டியிருந்தது. நம்ம மில்லு ஆயாக்களுக்கு, மூட்டை தூக்கிய சித்தப்பன்களுக்கு, கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் பெருக்கிய அத்தைகளுக்கு யார் எழுதுவார்கள்?

நம்ம பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். கவிதைக்குப் பக்கம் இருக்கிறது, விவாதத்துக்குப் பக்கம் இருக்கிறது. இதழுக்கு ஒரு பக்கம் செத்தவர்களுக்கு ஒதுக்குங்கள். தலைவர்களுக்கு இல்லை, அவர்களுக்குத் தனி இதழே போடுகிறோம். கமண்டல நாகநதிக் கரையிலும் பாலாற்றுக் கரையிலும் புதைந்துபோன பெயர் தெரியாதவர்களுக்கு. வாசகர்கள் எழுதி அனுப்பட்டும். பெயர், ஊர், வேலை, கூலி, ஒரு பேச்சு, ஒரு பாக்கி. பத்து வருஷம் சேர்ந்தால் அது நம்ம ஜனங்களின் சரித்திரப் புத்தகம். எந்தப் பல்கலைக்கழகத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

பாக்கியைச் சொல்லாமல் கணக்கை முடிக்கக் கூடாது என்பது வங்கியில் பாலபாடம். வாழ்க்கைக்கும் அதுதான். அடுத்த சாவுக்குப் போகும்போது பூ வாங்கிக்கொண்டு போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். பொம்பளைங்க பக்கம் போய் உட்காருங்கள். கேளுங்கள், எழுதுங்கள், எழுந்து நின்று வாசியுங்கள்.